ஆளில்லாப் பாலைவனம் போதும்

வளைகுடா நாடுகளில் கேமராவோடு அலையும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, விடுமுறை நாளில் ஊரே தூங்கும்போது எழுந்து, நாலு பேர் சேர்ந்து பெட்ரோல் காசைப் பங்குபோட்டுக்கொண்டு, வெளிச்சம் வருமுன்னே மணல்மேட்டுக்கோ மலைக்கோட்டைக்கோ போய்ச் சேர்கிறவர்கள் நீங்கள். மஸ்கட், துபாய், ஷார்ஜா, ரியாத், தோஹா, குவைத் என்று எந்த ஊரில் இருந்தாலும், உங்கள் படங்களைத் தமிழ் அமைப்புகளின் கண்காட்சிகளிலும் கைப்பேசித் திரையிலும் விடாமல் பார்த்து வருகிறவன் நான். தொழில்நுட்பத்தில் உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஏசி வண்டியை விட்டு இறங்கியதும் லென்ஸில் படியும் ஈரம் விலகும்வரை பொறுத்திருக்கத் தெரிந்தவர்கள். மணல்காற்றில் லென்ஸ் மாற்றினால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்தவர்கள். எனக்கு இருப்பது வேறு மனத்தாங்கல். அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

நீங்கள் காட்டும் அரபு நாட்டில் ஆட்களே இல்லை. ஆள் இருந்தால் முகம் இல்லை. முகம் இருந்தால் பெயர் இல்லை. மணல்முகட்டில் வெள்ளைக் கந்தூரா அங்கி போட்டுக்கொண்டு தன்னந்தனியே நடந்துபோகிறவர் பெரும்பாலும் உங்களோடு வந்த அறைத்தோழர். பொழுது சாயும்போது வரிசையாகப் போகும் ஒட்டகங்களின் முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிறவர் வெறும் கறுப்பு நிழல். பள்ளிவாசல் முற்றத்தின் சலவைக்கல் பளபளக்கிறது. அதைத் துடைத்தவர் நகர்ந்து போகும்வரை காத்திருந்து எடுத்திருக்கிறீர்கள். மூடுபனிக்கு மேல் தலைநீட்டும் கோபுரங்கள், ட்ரோனிலிருந்து பார்த்த வளைந்து நெளியும் மலைச்சாலை எல்லாமே அழகுதான். ஆனால் எடுத்தவர் பெயரை மறைத்து நூறு படங்களைக் கலந்து வைத்தால், இதில் உங்களுடையது எது என்று உங்களாலேயே சொல்ல முடியுமா?

இப்படிப்பட்ட படத்துக்கு வயது நூறுக்கு மேல். ருடால்ஃப் லேனர்ட், எர்ன்ஸ்ட் லாண்ட்ராக் என்ற இரண்டு ஐரோப்பியர்கள் 1904இல் துனிசில் கடை திறந்தார்கள். மணல்மேடு, ஒட்டகம், முக்காடு, வளைவு வாசல் என்று ஆட்களை நிறுத்தி வைத்து எடுத்து, அஞ்சலட்டைகளாக அச்சடித்து ஐரோப்பாவுக்கு விற்றார்கள். அதற்கும் முன்னால் 1867இல் பெய்ரூட்டில் தொழில் தொடங்கிய போன்ஃபிஸ் குடும்பம், உள்ளூர் மக்களுக்கு வேடம் கட்டி விவிலியக் காட்சிகளைப் போல எடுத்துப் பயணிகளுக்கு விற்றது. வாங்கியவர்கள் மனத்தில் இருந்த கிழக்கு எதுவோ, அதுதான் விலைபோனது. அந்தக் கடைகளுக்கு ஒரு கணக்கு இருந்தது: அவர்கள் வியாபாரிகள், வாங்குகிறவர் கேட்டதைக் கொடுத்தார்கள். உங்களிடம் யார் கேட்டார்கள்? சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கேமராவில், நீங்களே வாழும் நாட்டை, அதைப் பார்த்தேயிராதவர்களின் கற்பனைக்கு ஏற்றபடி ஏன் எடுக்கிறீர்கள்?

விமானத்தில் வந்து இறங்கி நாலு நாளில் திரும்புகிற வெளிநாட்டுப் புகைப்படக்காரருக்கு மணல்மேடுதான் கிடைக்கும். அவருக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு அப்படியில்லை. ஒட்டகப் பண்ணையில் இருக்கும் பாகிஸ்தானியோடு உங்களில் பலர் உருது பேசுவீர்கள். பேரீச்சந்தோப்பில் வேலை பார்க்கும் வங்கதேசத்தவரோடு பாதி இந்தி, பாதி அரபியில் பேச்சை ஓட்டிவிடுவீர்கள். அலுவலகத்து ஓமானி நண்பர் தன் தம்பி கல்யாணத்துக்கு அழைப்பார். உங்கள் விசாவுக்குப் பொறுப்பேற்ற கஃபீலின் அப்பாவுக்கு, முத்துக்குளிக்கப் போன படகுக்காரர்களைப் பற்றித் தன் அப்பா சொன்னவை நினைவிருக்கும். எந்தப் பெரிய பத்திரிகையின் புகைப்படக்காரரும் காசு கொடுத்து வாங்க முடியாத நெருக்கம் இது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கிற படத்தை எடுக்கிறீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

பெயர் ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். மக்காவின் புகைப்பட வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். எகிப்து ராணுவப் பொறியாளர் முகம்மது சாதிக் பே 1861இல் மதீனாவையும் 1880இல் மக்காவையும் முதன்முதலாகப் படமெடுத்தார். அவர் பெயர் நிலைத்துவிட்டது. அடுத்து நடந்தது வேறு கதை. டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்க்ரோன்யே 1885இல் சில மாதங்கள் மக்காவில் தங்கினார். அங்கே அப்துல் கஃபார் என்ற மருத்துவரோடு பழக்கமாகி, இருவரும் சேர்ந்து படமெடுத்தார்கள். ஸ்னூக் ஊரை விட்டு வெளியேற்றப்பட்ட பிறகு, மருத்துவர் தனியே எடுத்து அனுப்பிய படங்கள் ஐரோப்பாவில் நூலாக வெளிவந்தன. மருத்துவர் தம் படங்களில் அரபியில் கையெழுத்திட்டிருந்தார். அச்சில் அந்தக் கையெழுத்து நீக்கப்பட்டது. மக்காவைச் சேர்ந்த ஒரு மருத்துவர் எடுத்தவை என்ற அளவில் அவர் நின்றுபோனார். பிற்கால ஆய்வாளர்கள் தேடிப் பிடித்த பிறகுதான் அவர் பெயர் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. எடுத்தவருக்கே இந்தக் கதி என்றால், படத்துக்குள் நிற்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு பக்கம் வில்ஃபிரட் தெசிகரைப் பாருங்கள். 1945 முதல் 1950 வரை தெற்கு அரேபியாவில் அலைந்தவர். ருபுல் காலி என்னும் பெரும் மணற்பரப்பை ஒட்டகத்தில் இரண்டு முறை கடந்தவர். அவர் வாழ்நாளில் எடுத்த சுமார் 38,000 நெகட்டிவ்கள் ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவருடைய நோக்கைப் பற்றி விமர்சனங்கள் உண்டு. மாறாத பழைய பாலைவனத்தின் மேல் அவருக்கிருந்த மோகம் ஊரறிந்தது. ஆனாலும் சலீம் பின் கபீனா, சலீம் பின் கபைஷா என்ற இரண்டு இளைஞர்களை இன்று உலகம் பெயர் சொல்லி அறிகிறதென்றால், அவர் அவர்களைப் பெயரோடு எடுத்ததும் பெயரோடு எழுதியதும்தான் காரணம். ஆயிரம் மணல்மேட்டுப் படங்களை மறந்தவர்களும் பின் கபீனாவின் முகத்தை மறப்பதில்லை.

சரி, எதை எடுப்பது? பக்கத்திலேயே ஒன்றைச் சொல்கிறேன். ஓமானில் ஃபலஜ் என்னும் நீர்க்கால்கள் ஏறக்குறைய 3,000 இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் ஐந்தை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நீங்கள் எல்லாரும் போயிருப்பீர்கள்; பச்சைத் தோப்புக்கு நடுவே கண்ணாடித் தண்ணீர் ஓடும் படத்தையும் எடுத்திருப்பீர்கள். அந்தத் தண்ணீர் யாருக்கு, எவ்வளவு நேரம் என்று கேட்டிருக்கிறீர்களா? தாய்க்கிணற்றிலிருந்து வரும் நீரைக் கால்வாய் ஊருக்குள் நுழையும் இடத்தில் முதலில் குடிக்க எடுத்துக்கொள்வார்கள். பிறகுதான் மற்றத் தேவைகள், கடைசியாகத் தோப்பும் வயலும். தோப்புக்குப் போகும் நீர் அளவால் பிரிவதில்லை, நேரத்தால் பிரிகிறது. பகலில் ஒரு கம்பின் நிழல் தரையில் பதித்த கல் அடையாளங்களைக் கடப்பதை வைத்துக் கணக்கு, இரவில் விண்மீன்கள். நீரை முறைப்படுத்தும் வகீல் என்பவருக்கு யாருடைய பங்கு எப்போது முடிகிறது என்பது மனப்பாடம். உபரிப் பங்கை ஏலம்விட்டு, வரும் பணத்தில் கால்வாயைப் பழுது பார்ப்பார்கள்.

இப்போது அந்த இடத்தில் கேமராவோடு உட்காருங்கள். முறைக்காரர் வருகிறார். மடையில் வைத்த கல்லைப் புரட்டுகிறார், அதைச் சுற்றி அடைத்திருந்த பழைய துணியை உருவுகிறார். தண்ணீர் பக்கத்துக் கிளைக்கால்வாயில் திரும்புகிறது. காய்ந்த இலைகளையும் உதிர்ந்த ஈச்சங்காய்களையும் தள்ளிக்கொண்டு முன்னேறுகிறது. நிழற்கம்பு இருந்த இடத்தில் இன்று கைக்கடிகாரமோ கைப்பேசியோ இருக்கலாம். அந்தக் கைப்பேசி தெரியாமல் எடுக்க வேண்டும் என்று தயவுசெய்து கோணம் மாற்றாதீர்கள். அது தெரிந்தால்தான் படம் உண்மை. பழைய முறையும் புதிய கருவியும் ஒரே கையில் இருப்பதைக் காண்பதுதான் பாரம்பரியம் உயிரோடு இருப்பதைக் காண்பது. அதை மறைத்துவிட்டால் நீங்கள் எடுப்பது அருங்காட்சியகப் பொம்மை.

ஓமானின் ஜபல் அக்தர் மலையில் வசந்தத்தில் ரோஜா பூக்கும். உள்ளங்கை நிறைய இளஞ்சிவப்பு இதழ் வைத்த படங்கள் ஒவ்வோர் ஆண்டும் குவிகின்றன. அந்த இதழ்கள் போய்ச் சேரும் மண் அடுப்பை யார் எடுத்திருக்கிறீர்கள்? பானையில் இதழைப் போட்டு, மேலே வைத்த பாத்திரத்துத் தண்ணீர் சூடேறச் சூடேற மாற்றி, ஆவியை ஆறவைத்துச் சொட்டுச் சொட்டாகப் பன்னீர் இறக்குகிற வேலை அங்கே நடக்கிறது. பல தலைமுறைப் புகையில் சுவரே கரிபிடித்துக் கிடக்கிறது. பூவுக்கு அழகு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பூ எந்த மலையிலும் பூக்கும். அந்த அடுப்பும் அதன் முன்னால் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் அந்த மலைக்கே உரியவர்கள்.

சவூதியில் இருக்கும் நண்பர்களுக்கும் இதே கேள்விதான். அசீர் மலைநாட்டு வீடுகளின் உட்சுவர்களில் முக்கோணமும் கட்டமும் கோடுமாக வண்ணம் தீட்டும் கலைக்கு அல்-கத் அல்-அசீரி என்று பெயர். 2017இல் அது யுனெஸ்கோவின் வாழும் மரபுகள் பட்டியலில் இடம்பெற்றது. தாயிடமிருந்து மகளுக்குப் போகும் கலை அது. சுவரை எடுத்துப் போடுகிறீர்கள். சுவருக்கு வந்த புகழில் வரைந்தவருக்குப் பங்கில்லை. அவர் முகத்தை எடுக்க முடியாமல் போகலாம், எடுக்கக் கூடாததாகவும் இருக்கலாம். வீட்டுக்காரரிடம், இதை வரைந்தவர் பெயரை எழுதலாமா என்று கேட்பதற்கு என்ன தடை? எழுதலாம் என்றால் எழுதுங்கள். வேண்டாம் என்றால் ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள். வரைந்தவர் ஒரு பெண் என்றாவது எழுதுங்கள்.

அடுத்துச் சொல்லப்போவது உங்களுக்குக் கசக்கும். அரபு மரபு என்று நீங்கள் எடுக்கும் காட்சிகளில் வேலை செய்யும் கைகள் பெரும்பாலும் நம்மைப் போல் பிழைக்க வந்தவர்களுடையவை. பந்தய ஒட்டகத்தைக் குளிப்பாட்டித் தீனி வைப்பவர் சூடான்காரராகவோ பாகிஸ்தானியாகவோ இருப்பார். இடுப்பில் கயிறு கட்டி ஏறி, ஆண் பாளையின் பூவைப் பெண் பாளையில் செருகி ஈச்சமரத்துக்கு மகரந்தம் சேர்ப்பவர் பல தோப்புகளில் வங்கதேசத்தவர். துபாய் ஓடையில் அப்ரா படகு ஓட்டுகிறவர்களிலும் வங்கதேசத்தவர் பலர். தோஃபாரில் மரப்பட்டையைச் சுரண்டிக் குங்கிலியப் பால் எடுப்பவர்களில் சோமாலியர் பலர். தெய்ராக் கரையில் நிற்கும் மரக்கலங்களில் கச்சு மாலுமிகள் இருக்கிறார்கள். இவர்களைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டு, ‘அசல் அரேபியா’ என்று தலைப்புக் கொடுக்கிறீர்கள். அடுத்த மாதம் உங்களுக்கு விசா புதுப்பிக்காவிட்டால் உங்களையும் இதே மாதிரி யாராவது வெட்டிவிடுவார்கள் என்று ஒரு கணமும் தோன்றவில்லையா?

இப்படி வெட்டுவதால் அரபு வரலாறும் பொய்யாகிறது. அந்தக் கடற்கரை என்றைக்கும் தனித்து இருந்ததில்லை. ஓமானின் சூர் துறைமுகத்தில் கட்டிய கலங்களுக்குத் தேக்கு மலபாரிலிருந்து போனது. கோழிக்கோட்டை அடுத்த பேப்பூரில் கட்டிய ‘உரு’ என்னும் மரக்கலங்கள் இன்றும் அரபு நாடுகளுக்குப் போகின்றன. ஆணியில்லாமல் தென்னைநார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்து, பழைய முறையில் கட்டிய ‘ஜுவல் ஆஃப் மஸ்கட்’ 2010இல் ஓமானிலிருந்து சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது. அதைத் தைத்த கைகளில் கேரளத்துக் கயிற்றுத் தொழிலாளர்களின் கைகளும் உண்டு. ஓமானியரின் பெருமையும் மலையாளியின் கைத்திறனும் ஒரே கப்பலில் இருப்பதில் யாருக்கும் குறைவில்லை. கடல் வணிகம் அப்படித்தான் நடந்தது. கலப்பே அந்தக் கரையின் மரபு. அதைத் துடைத்து எடுத்துவிட்டு எந்த மரபைக் காட்டுகிறீர்கள்?

கச்சு மாலுமிகள் என்றேன். பாரசீக வளைகுடாவிலும் சோமாலியக் கரையிலும் சரக்கு ஏற்றிப் போகும் மாலுமிகள் தங்கள் கைப்பேசியில் எடுத்து, ஒருவருக்கொருவர் பாட்டுச் சேர்த்துப் பகிர்ந்துகொண்ட காட்சிகளை வைத்து, மும்பையைச் சேர்ந்த கேம்ப் என்ற கலைக்குழு 2013இல் ஒரு முழுநீளப் படத்தையே உருவாக்கியது. விலைகூடிய லென்ஸ் எதுவும் இல்லை. புள்ளி புள்ளியாகச் சிதறும் காட்சிகள். ஆனால் கப்பலில் ஆடு ஏற்றுவதிலிருந்து நடுக்கடலில் சோறு பொங்குவதுவரை அதில் இருக்கிறது. உலகப் பட விழாக்களில் அதைப் பார்த்தவர்கள் வாய்பிளந்தார்கள் என்றால், உள்ளே இருப்பவன் எடுத்தான் என்பதுதான் காரணம். நீங்களும் உள்ளே இருப்பவர்கள்தான். அதை மறந்துவிடுகிறீர்கள்.

ஷார்ஜாவின் அல் மதாம் பக்கம் மணல் புகுந்த வீடுகள் இரண்டு வரிசையும் ஒரு பள்ளிவாசலும் இருக்கின்றன. நீங்கள் அங்கே போய் முக்காடு போட்ட உருவத்தை வாசலில் நிறுத்தி, ஜின் ஊர் என்று தலைப்பிட்டு எத்தனை படங்கள் போட்டுவிட்டீர்கள்! அந்த வீடுகளில் சமைத்துச் சாப்பிட்டுப் பிள்ளை பெற்று வளர்த்த குடும்பங்கள் இன்று வேறெங்கோ இருக்கின்றன. மக்கள் விட்டுச்சென்ற எத்தனையோ ஊர்களில் அதுவும் ஒன்று. பேய்க்கதை தேடிப் போகிறவர்களுக்கு அந்தச் சுவரின் வண்ணம் கண்ணில் படாது, கதவின் வேலைப்பாடு கண்ணில் படாது. நம் தாத்தா பூட்டிவிட்டுப் போன ஊர் வீட்டில் முன்பின் தெரியாதவர்கள் வெள்ளைப்புடவை கட்டிப் பேய்ப்படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

பழையது மட்டும் பாரம்பரியம் என்று நினைப்பதும் உங்களிடம் நான் காணும் குறை. அபுதாபி மீனா துறைமுகத்தருகே நின்ற மீனா பிளாசா கோபுரங்கள் 2020 நவம்பரில் பத்து விநாடியில் தரைமட்டமாயின. இடிந்த பத்து விநாடியை எடுக்க எத்தனை கேமராக்கள்! அதைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் நடந்த கம்பளச் சந்தையையும் செடிச் சந்தையையும் மீன் சந்தையையும் எடுத்தவர்கள் எத்தனை பேர்? ஜித்தாவில் 2021இலிருந்து பேட்டை பேட்டையாகக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. யுனெஸ்கோ பட்டியலில் உள்ள அல் பலத் என்னும் பழைய நகரப் பகுதியின் மரச்சாளரங்களுக்கு லட்சக்கணக்கில் படங்கள் உண்டு. இடிந்த பேட்டைகளின் தெருமுனைக் கடைகளுக்கு அங்கே குடியிருந்தவர்களின் கைப்பேசி மட்டுமே சாட்சி. அபுதாபி அரசு 2023இல் நவீன காலத்தைச் சேர்ந்த 64 இடங்களைப் பாதுகாக்க வேண்டியவை என்று அறிவித்தது. உங்களில் பலர் ஊருக்கு விமானம் பிடிக்கப் போகும் வழியில் ஏறி இறங்கிய அபுதாபி பஸ் நிலையமும் அந்தக் காலத்துக் கட்டடந்தான். அரசாங்கமே அதைப் பாரம்பரியம் என்ற கண்ணோடு பார்க்கத் தொடங்கிவிட்டது. நீங்கள் இன்னும் தொடங்கவில்லை.

இழப்பு எப்படி வரும் என்று சொல்ல முடியாது. அலெப்போவின் உமய்யாப் பள்ளிவாசல் மினாரா 2013 ஏப்ரலில் போரில் சரிந்தது. 2015இல் மோசுல் அருங்காட்சியகத்துச் சிலைகள் சுத்தியலால் உடைக்கப்பட்டன. அதன்பிறகு இரண்டு இளம் ஆய்வாளர்கள் உலகெங்கும் உள்ளவர்களிடம், அங்கே போனபோது எடுத்த படம் இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டார்கள். சுற்றுலாப் பயணிகளும் படைவீரர்களும் சாதாரணமாக எடுத்த படங்களைக் கணினியில் இணைத்து, உடைந்த சிலைகள் சிலவற்றின் முப்பரிமாண வடிவத்தை மீட்டார்கள். அங்கே உதவியவை, சிலைகளைப் பல பக்கத்திலிருந்தும் உள்ளபடியே காட்டிய படங்கள். வானத்தை ஆரஞ்சாக்கி, வேண்டாத கம்பத்தை அழித்து, பக்கத்துக் கட்டடத்தையே தூக்கியெறிந்த படத்தை வைத்து யாரும் எதையும் மீட்க முடியாது.

உங்கள் பதில்கள் எனக்குத் தெரியும். சட்டம் பயமுறுத்துகிறது என்பீர்கள். நியாயம். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 34ஆம் எண் சட்டப்படி, பிறரை அவர் சம்மதமின்றிப் படமெடுத்து அவருடைய தனிவாழ்வில் தலையிட்டால் குறைந்தது ஆறு மாதச் சிறையும், 1,50,000 முதல் 5,00,000 திர்ஹம் வரை அபராதமும், அல்லது இவற்றில் ஏதேனும் ஒன்று உண்டு. மற்ற நாடுகளிலும் இதற்குச் சட்டங்கள் இருக்கின்றன. ட்ரோனுக்கு அனுமதி வேண்டும். ராணுவம், அரண்மனை, எல்லைப்பகுதி பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. ஆனால் இந்தச் சட்டம் உங்களைக் கேட்கச் சொல்கிறது. மனிதரை எடுக்காதே என்று சொல்லவில்லை. சம்மதமில்லாமல் திருட்டுத்தனமாக எடுப்பதற்குத்தான் தடை. கேட்டு எடுப்பவருக்குச் சட்டமும் துணை, ஊர் வழக்கமும் துணை.

அந்த வழக்கமும் உங்களுக்குப் புதிதல்ல. விருந்தினர் கூடமான மஜ்லிஸில் உட்கார்ந்தால் முதலில் காபி. காபி ஊற்றுபவர் இடக்கையில் தல்லா என்னும் காபிக் கெண்டியைப் பிடித்து வலக்கையால் சின்னக் கிண்ணத்தைக் கொடுப்பார். நீங்களும் வலக்கையால் வாங்குவீர்கள். போதுமென்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுப்பீர்கள். அந்தக் காபி முடியும்வரை கேமரா பையிலேயே இருக்கட்டும். பிறகு ‘மும்கின் சூரா?’ (படம் எடுக்கலாமா?) என்று கேளுங்கள். ஒட்டகத்தையோ குழந்தையையோ புகழும்போது மாஷா அல்லாஹ் சொல்லுங்கள். பெண்கள் பக்கம் கேமராவைத் திருப்பும் முன் ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள். இல்லை என்று சொன்னால் சிரித்துவிட்டு உட்காருங்கள். பல நேரம் அடுத்த வாரம் அவரே கூப்பிடுவார். நிஸ்வாவின் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தையில், ஆட்டைப் பிடித்துக்கொண்டு விற்பவர் வட்டமாகச் சுற்றி வருவார். வாங்குபவர் கைதட்டிக் கூப்பிட்டு, வாயைத் திறந்து பல்லைப் பார்த்து விலை பேசுவார். அந்த வட்டத்துக்குள் புகைப்படக்காரர்கள் இறங்கி வழிமறித்து நிற்பதைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. அது அவர்களுடைய பிழைப்பு. ஓரத்தில் நில்லுங்கள், விலை முடிந்ததும் போய்ப் பேசுங்கள்.

பிழைக்க வந்தவர்களைக் கேட்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். முதலாளி கோபிப்பாரோ, தங்கும் அனுமதியான இக்காமாவுக்கு ஆபத்தோ என்ற அச்சம் அவருக்கு இருக்கும். பெயர் வேண்டாம் என்றால் வேண்டாம். முகம் வேண்டாம் என்றாலும் வேண்டாம். வேலையைக் காட்டுங்கள், கையைக் காட்டுங்கள். சூடானின் கஸலாவிலிருந்து வந்தவர் என்று அவர் சொன்னால் அதை மட்டும் எழுதுங்கள். அவரால் கிடைத்த படத்தை வைத்து அவருக்கு இடைஞ்சல் வரக் கூடாது.

எங்களுக்குக் கிடைப்பது ஒரு நாள் விடுமுறை என்பீர்கள். அதற்காகத்தான் சொல்கிறேன், ஐந்நூறு கிலோமீட்டர் ஓடி ஒரே ஒரு சூரியோதயத்தைப் பிடிப்பதைவிட, உங்கள் அறையிலிருந்து அரைமணி நேரத்தில் போகக்கூடிய மீன்துறைக்கோ ஈச்சந்தோப்புக்கோ திரும்பத் திரும்பப் போங்கள். அரபு மக்களின் வாழ்க்கையை எடுக்க நாங்கள் யார் என்றும் சிலர் கேட்கிறீர்கள். ரமேஷ் சுக்லா யார்? மும்பையிலிருந்து 1965இல் கேமராவோடு அந்தக் கரைக்கு வந்தவர். 1971 டிசம்பர் 2 அன்று துபாயில் ஆட்சியாளர்கள் கொடிக்கம்பத்தடியில் நின்ற தருணத்தை அவர் எடுத்த படம்தான் இன்றும் ஐக்கிய அரபு அமீரகத்தின் பிறப்புச் சான்றுபோல் எங்கும் தொங்குகிறது. பக்கத்திலேயே இருந்தார், தொடர்ந்து எடுத்தார், யார் எங்கே நின்றார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அரபு மண்ணின் சொந்தப் புகைப்படக்காரர்களையும் தேடிப் பாருங்கள். ஐம்பது, அறுபதுகளின் பாக்தாத்தைப் பள்ளிக்கூடமும் பாலமும் சந்தையுமாக எடுத்துத் தள்ளிய லதீஃப் அல் ஆனி, பாலஸ்தீனத்துக் குடும்பங்களை அவர்கள் வீட்டுக்கே போய் எடுத்த கரீமா அப்பூத், சைதா நகரவாசிகளைத் தன் ஸ்டுடியோவில் பல்லாயிரம் பேராக எடுத்த ஹாஷிம் அல் மதனி. இவர்கள் படங்களில் மணல்மேடு தேடினால் கிடைக்காது, மக்கள் இருப்பார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. வெயில் தணிந்திருக்கும் பருவத்தில், நவம்பரிலிருந்து மார்ச்வரை, ஆளுக்கு ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபலஜ், ஒரு படகுத்துறை, ஓர் ஒட்டகப் பண்ணை, ஒரு பழைய சந்தை, ஒரு பெட்ரோல் பங்க் மூலையில் கராக் டீ போடும் கடை, எதுவானாலும் சரி. அங்கே நடக்கும் ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை இருபது படங்களில் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் யார், என்ன செய்கிறார், எங்கே, என்றைக்கு என்று நான்கு விவரமும் எழுதுங்கள். படத்தில் இருப்பவருக்கு ஒரு பிரதியை அச்சிட்டுக் கையில் கொடுங்கள். அவர் அதை ஊருக்கு அனுப்புவார், தெரியுந்தானே? ஆளை நிறுத்தி வைத்து எடுத்திருந்தால் நிறுத்தி எடுத்தது என்று எழுதிவிடுங்கள். அசல் கோப்புகளை எடிட் செய்யாமல் தனியே வைத்திருங்கள். 1997இல் பெய்ரூட்டில் தொடங்கிய அரபு இமேஜ் ஃபவுண்டேஷனும், அபுதாபியில் நியூயார்க் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள அக்காஸாவும் சாதாரணக் குடும்பங்களின் படங்களைத் திரட்டிக் காப்பாற்றி வருகின்றன. அப்படிப்பட்ட இடங்களுக்கு ஒரு நாள் உங்கள் தொகுப்பும் பயன்படும்.

கண்காட்சியும் போட்டியும் நடத்தும் தமிழ் அமைப்பாளர்களே, பழக்கத்தை மாற்றும் சாவி உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த போட்டி அறிவிப்பில் இரண்டு விதிகளைச் சேர்த்துவிடுங்கள்: படத்தில் ஆள் இருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும், யார், எங்கே, என்றைக்கு என்ற குறிப்பில்லாத படம் சேர்த்துக்கொள்ளப்படாது. முதல் ஆண்டு படங்கள் குறையும், பரவாயில்லை. பரிசளிப்பு விழாவுக்குப் படமெடுத்தவரை மேடைக்கு அழைப்பதுபோல், வர முடியுமானால் படத்தில் இருப்பவரையும் அழையுங்கள். ஓமானி வகீலும் வங்கதேசத்துத் தோப்புக்காரரும் முன்வரிசையில் உட்கார்ந்து தங்கள் படத்தைப் பார்த்து, இதில் இன்னது தப்பு, இன்னது சரி என்று சொல்லட்டும். நடுவர்களின் மதிப்பெண்ணைவிட அந்தச் சொல்லுக்குத்தான் நீங்கள் அஞ்ச வேண்டும்.

அன்புடன்,
உங்கள் படங்களை விடாமல் பார்த்துவரும் வாசகன்